ஒரு கார்டு கனம்

திருத்தணி,
12-7-1946

சிரஞ்சீவி கஜபதிக்கு,

நைனா தேசப்பனுடைய ஆசீர்வாதம். தணிகாசலத்தான் தயவில் இங்கே உடம்பு நடமாட்டமாக இருக்கிறது. நாகபுரித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. ஒத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பட்டாளத்திலிருந்து உன்னை விடுவித்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வா என்று மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆகையால் இது வீட்டு விஷயம் இல்லை, வியாபார விஷயம். நாகபுரி பஸ் ஒர்க்ஷாப்பில் டீசல் எஞ்சின் பார்க்கிற ஒரு மெக்கானிக்குக்கு, டீசல் லாரி வாங்கி மாட்டிக்கொண்ட ஒரு வியாபாரி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்.

ஆவடி டிஸ்போசல் ஏலத்தில் பட்டாளத்து லாரி ஒன்று எடுத்தேன். நாலு சிலிண்டர், டீசல். பெட்ரோல் கூப்பனுக்கு ஆபீஸ் ஆபீஸாக நிற்பதைவிட இது மேல் என்று தோன்றியது. திருவாலங்காட்டு வெல்லத்தையும் ஆர்.கே.பேட்டைத் துணி மூட்டையையும் மதராஸுக்கு ஏற்றலாம் என்று திட்டம். ஒரு மாதம் ஓடிற்று. போன செவ்வாய்க்கிழமை மணவூர் கேட் பக்கத்தில் டாங்க் காலியாகி நின்றது. எண்ணெய் ஊற்றினோம், கிளம்பவில்லை. பத்துப் பேர் தள்ளினார்கள், கிளம்பவில்லை.

அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் தங்கவேலைக் கூட்டி வந்தேன். அவன் பெட்ரோல் வண்டி பார்க்கிறவன். மூடியைத் தூக்கிப் பார்த்தான், சுற்றி வந்தான், அடியில் படுத்தான். எழுந்து வந்து, "மொதலாளி, உங்களை நல்லா ஏமாத்திட்டானுங்க. பிளக்கு நாலையும் எவனோ கயட்டிக்கினு போயிட்டான். ஒயரு கூட உட்டு வைக்கல" என்றான். போலீசில் எழுதிக் கொடுக்கக் காகிதம் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் டிரைவர் வேடியப்பன், "டீசல் வண்டிக்குப் பிளக்கே கிடையாதுன்னு சொல்லிக்கினாங்களே" என்று இழுக்கிறான். எது நிஜம்?

நாலு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். ஊரே பார்த்துச் சிரித்தது. பதில் போடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தேசப்பன்

நாகபுரி,
23-7-1946

திருத்தணி தேசப்பன் அவர்களுக்கு,

நமஸ்காரம். இங்கு சௌக்கியம்.

டீசல் எஞ்சினுக்குப் பிளக் கிடையாது. உள்ளே காற்றை இறுக்கும்போது வருகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். டாங்க் காலியானதால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை எடுக்க மெக்கானிக் தேவையில்லை. வண்டி வைத்திருப்பவரே செய்யலாம்.

ஃபில்டர் தலையில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்பை அடிக்கவும். முதலில் நுரை வரும். நுரை நின்று எண்ணெய் கம்பியாக வரும்போது, அடிப்பதை நிறுத்தாமலே திருகை மூடவும். பெரிய பம்பிலும் இப்படியே. கடைசியில், எண்ணெயைப் பீய்ச்சுகிற நாசில்களின் குழாய் நட்டு நாலையும் தளர்த்தி எஞ்சினைச் சுற்றினால் மிச்சக் காற்றும் போய்விடும். நட்டுக்கு அளவான ஸ்பேனர் போடவும். அளவு மாற்றுகிற ஸ்பேனரைப் போட்டால் நட்டு மூலை மழுங்கிவிடும்.

தங்கவேலை வண்டிக்குப் பக்கத்தில் விட வேண்டாம்.

இனியும் வண்டி விஷயமாக மட்டும் எழுதவும்.

கஜபதி

திருத்தணி,
4-8-1946

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். மழை இல்லை, புழுக்கம். மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தை வேடியப்பன் உரக்கப் படிக்க, நான் பம்பு அடித்தேன். நுரை வந்தது. நின்றது. நீ எழுதினபடியே கம்பியாக வந்தது. முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டு விட்ட சத்தத்தில் மலைப் படிக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் மூன்று நாள் கழித்துத்தான் வண்டியை வெளியே எடுக்க முடிந்தது.

இப்போது வேறு ஒன்று. எஞ்சின் தலையில் டக் டக் என்று ஒரு சத்தம். வேடியப்பன் "அது வண்டி சுபாவம்" என்கிறான். வண்டிக்குச் சுபாவம் என்று ஒன்று இருக்கிறதா?

வண்டிக்குள் டிரைவர் சீட் அகலம். புழுக்கத்துக்கு அதிலேயே படுத்துக்கொள்கிறேன். காற்று நன்றாக வருகிறது. இது வண்டி விஷயம்தான்.

தேசப்பன்

நாகபுரி,
19-8-1946

தேசப்பன் அவர்களுக்கு,

நமஸ்காரம். இங்கு மழை. சௌக்கியம்.

அது சுபாவம் இல்லை, வால்வைத் தட்டித் திறக்கிற டாப்பெட்டின் சந்து அதிகமாகியிருக்கிறது. அளக்க ஒரு தகட்டுக் கட்டு இருக்கிறது. மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்புகிறேன். அது வரும் வரை ஒரு போஸ்ட் கார்டு கனம் இருந்தால் போதும். வால்வு மூடியிருக்கும்போது, எஞ்சின் ஆறினபிறகு, கார்டு மூலையைச் சந்தில் விடவும். போய் வர வேண்டும், ஆனால் கொஞ்சம் பிடிக்க வேண்டும். தாராளமாகப் போனால் சந்து அதிகம். போகவே இல்லையென்றால் குறைவு.

டிரைவர் சீட்டில் படுத்தால் இடுப்பு பிடிக்கும்.

கஜபதி

திருத்தணி,
8-9-1946

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். இடுப்பு பிடிக்கவில்லை. கேட்டதற்குச் சந்தோஷம்.

பார்சல் வந்தது. தகட்டுக் கட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னாலேயே சத்தத்தை நிறுத்திவிட்டேன். நீ எழுதின கார்டையே சந்தில் விடலாம் என்று எடுத்தேன். எண்ணெய் பட்டுவிடும் என்று தோன்றியது. தபாலாபீஸ் போய்ப் புதுக் கார்டு ஒன்று வாங்கி வந்து அளந்தேன். எட்டு வால்வு, இரண்டு மணி நேரம். முடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினால் டக் டக் இல்லை. தங்கவேல் அந்தப் பக்கமாகப் போனவன் நின்று கேட்டான்: "இன்னா மொதலாளி, பிளக்கு கெடச்சிருச்சா?" ஆங், கிடைத்தது, நாகபுரியில் இருக்கிறது என்றேன்.

இப்போது மேட்டில் ஏறும்போது கறுப்புப் புகை வருகிறது. பின்னால் வருகிற மாட்டுவண்டிக்காரர்கள் வாயில் வந்தபடி திட்டுகிறார்கள்.

பேட்டரித் திருட்டு அதிகமாக இருக்கிறதால் இன்னும் வண்டியிலேயே படுக்கிறேன்.

தேசப்பன்

நாகபுரி,
30-9-1946

நைனாவுக்கு,

நமஸ்காரம். எனக்கு நாலு நாள் ஜுரம் இருந்து இறங்கிவிட்டது. பதில் தாமதமானது அதனால்தான்.

எந்த நாசில் கெட்டது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி: எஞ்சின் ஓடும்போது நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தினதும் சத்தம் தடுமாறினால் அது நல்ல சிலிண்டர். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் கெட்டது. அந்த நாசிலைக் கழற்றி முனையைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் துடையுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. அடியில் இருக்கிற செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும். திரும்பவும் அதையே போடலாம். பிரஷ்ஷும் நாலு வாஷரும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அடுப்பு என்று எழுதினதும் தோன்றியது. வீட்டில் யார் சமைக்கிறார்கள்?

கஜபதி

திருத்தணி,
28-10-1946

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். ஜுரம் வந்தவன் வாய்க்கு ருசியாக எதுவும் தேடாதே, கஞ்சி குடி.

இரண்டாம் நாசில்தான். நட்டைத் தளர்த்தினேன், சத்தம் மாறவே இல்லை. துடைத்துப் போட்டேன். புகை நின்றது. வாஷரை ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல் அடுப்பில் காய்ச்சினேன். நம் வீட்டு அடுப்பு மூட்டுவதில்லை.

வியாபாரம் ஒன்று தோன்றியிருக்கிறது. ஆர்.கே.பேட்டை பரசுராமனும் ஒரு டீசல் லாரி எடுத்துவிட்டு என் வாசலில் வந்து நிற்கிறான். சித்தூர்ப் பக்கம் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தங்கவேல் கதைதான். அதனால் ஒரு தகரப் பெட்டி: அளவான ஸ்பேனர் ஆறு, திருப்புளி இரண்டு, தகட்டுக் கட்டு, பித்தளை பிரஷ், செம்பு வாஷர். கூடவே என்ன கெட்டால் என்ன செய்வது என்று ஒரு தாள். வண்டி வைத்திருப்பவன் பெட்டியைத் திறந்தான், தாளைப் படித்தான், தானே சரி செய்துகொண்டான்.

தாளுக்காக உன் கடிதங்களைப் பள்ளிக்கூட வாத்தியார் குமாரசுவாமியைக் கொண்டு நகல் எடுத்தேன். அவர் எழுதி முடித்துவிட்டு, "ஏங்க, இது பிள்ளை எழுதினதா, கம்பெனி எழுதினதா?" என்று கேட்டார். வீட்டு விஷயம் அதிகம் இல்லாததால் நகல் எடுப்பது சுலபமாக இருந்தது என்றும் சொன்னார்.

போன வியாழக்கிழமை வண்டி எடுக்கவில்லை. வண்டியில் பழுது ஒன்றும் இல்லை.

தேசப்பன்

திருத்தணி,
27-11-1946

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். ஒரு மாதமாகக் கடிதம் காணோம். திரும்ப ஜுரமோ என்று யோசனை. நான் சௌக்கியம்.

நாலாம் நாசில் சொட்டுகிறது. வண்டி மூன்று சிலிண்டரில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. காலையில் வெள்ளைப் புகை. நீ சொன்னது எல்லாம் செய்தேன், தீரவில்லை. பம்பையே கழற்ற வேண்டுமா? விவரமாக எழுது. பெரிய கடிதமானாலும் பரவாயில்லை.

நேற்று எண்பது மூட்டை வெல்லம் ஏற்றி மதராஸ் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். வழியில் மழை.

தேசப்பன்

நாகபுரி,
16-12-1946

நைனாவுக்கு,

நமஸ்காரம். எனக்கு ஜுரம் இல்லை.

மூன்று சிலிண்டரில் இழுக்கிற வண்டி எண்பது மூட்டையோடு மதராஸ் போய் அன்றே திரும்பாது. உங்கள் வண்டியில் பழுது இல்லை. நீங்கள் எழுதியிருப்பது வேறு யாருடைய வண்டியையோ பார்த்து எழுதினது. ஊரில் யாரைக் கேட்டாலும் தேசப்பன் பேச்சில் மறைவு கிடையாது என்பார்கள். என்னிடம் எதற்கு?

நீங்கள் வண்டி எடுக்காத வியாழக்கிழமை அம்மா திதி. எனக்கும் நாள் தெரியும். அதனால்தான் ஒரு மாதம் எழுதவில்லை. எழுதினால் இதைத்தான் எழுதுவேன் என்று பயந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜபல்பூர் பட்டாளத்து ஒர்க்ஷாப்புக்கு ஒரு கார்டு வந்தது. நாலு மூலையிலும் கறுப்பு மை. திருப்பிப் படிக்காமலே சாவு என்று தெரிந்துவிட்டது, யாருடைய சாவு என்றுதான் படிக்க வேண்டியிருந்தது. அம்மா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் இரண்டு தரம் சினிமா பார்த்தேன். கூட்டாளி கல்யாணத்தில் கறிச்சோறு சாப்பிட்டேன். பாட்டு கூடப் பாடினேன்.

ஒரு தந்தி. திருத்தணி ஸ்டேஷன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஏன் கொடுக்கவில்லை?

முதலில் புழுக்கம் என்றீர்கள். பிறகு பேட்டரித் திருட்டு. மார்கழிப் பனியில் வண்டியில் படுக்க என்ன காரணம் சொல்லப்போகிறீர்கள்?

கஜபதி

திருத்தணி,
5-1-1947

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். உடம்பு நலமா என்று விசாரிக்கிற தைரியம் இந்தத் தடவை இல்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது. நாலாம் நாசில் பரசுராமனுடையது. வண்டி ஓடினால் உனக்கு எழுத ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அதனால் பொய் எழுதினேன். மூட்டைக் கணக்கையும் சேர்த்து எழுதினது என் புத்திக்குறைவு.

தந்தி விஷயம். உன் அம்மா குப்பம்மாளுக்கு மூன்று நாள் ஜுரம். நாலாம் நாள் விடியற்காலம் போய்விட்டாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். தந்திக் காகிதம் வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தந்தி உன் கைக்கு வர ஒரு நாள். சண்டைக் காலம், லீவு கொடுத்தால் அதற்கு ஒரு நாள். ரயிலில் இரண்டு நாள். நாலு நாள் வைத்திருக்க முடியாது. எப்படியும் முகம் பார்க்க மாட்டாய். அழுதுகொண்டு எதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டும், காரியம் எல்லாம் முடிந்து நிதானமாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கணக்கு சரி. இன்று திரும்பப் போட்டாலும் நாலு நாள்தான் வருகிறது. செய்தது தப்பு. தலையில் காவடிச் சாமான் கூடை சுமந்து விற்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டே பிழைத்தவன் நான். அன்று போட்டிருக்கக் கூடாது.

உன்னைக் கேட்காமல் இன்னொன்றும் செய்தேன். வெல்லத்துக்கு மாட்டுவண்டி போதும். நீ டீசல் வேலை கற்றவன் என்பதால்தான் டீசல் லாரி எடுத்தேன்.

மார்கழிக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் இதற்குமேல் பொய் எழுத மாட்டேன்.

தேசப்பன்

திருத்தணி,
10-3-1947

சிரஞ்சீவி கஜபதிக்கு,

ஆசீர்வாதம். சௌக்கியம். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். வண்டியில் பழுது இல்லை, உன்னைக் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. டாப்பெட் மட்டும் இன்று சரி பார்த்தேன். தகட்டுக் கட்டைப் பரசுராமன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறதால் பழையபடி கார்டில்தான் அளந்தேன். ஒரு மூலை நைந்தால் அடுத்த மூலை என்று நாலும் உபயோகப்பட்டது. எட்டு வால்வும் சரியாக இருக்கிறது. கார்டு கொஞ்சம் அழுக்கு. வீணாக்க மனம் வராமல் இதிலேயே எழுதிவிட்டேன்.

தேசப்பன்

பெஜவாடா ஸ்டேஷன்,
15-3-1947

நைனாவுக்கு,

நமஸ்காரம். நீங்கள் சௌக்கியம் என்று எனக்கு நேற்று இரவுதான் தெரியும்.

நேற்றுக் காலை கார்டு வந்தது. பியூன் என் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான். கையில் ஒரு நாசில் வைத்திருந்தேன். கார்டைப் பார்த்தேன். நாலு மூலையும் கறுப்பு.

திருப்பிப் படிக்கவில்லை. இந்தத் தடவை யார் என்று படிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு அப்புறம் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஜனவரியில் நீங்கள் எழுதின கடிதத்துக்குப் பதில் நாலு தரம் எழுதி நாலு தரமும் கிழித்தது ஞாபகம் வந்தது. கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபோர்மனிடம் சொன்னேன். அவர் சுவாமி படத்துக்கு முன்னால் இருந்த பூவை எடுத்து, உங்கள் மேல் போடச் சொல்லிக் கையில் கொடுத்தார். கை கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கிராண்ட் டிரங்க் வண்டியில் உட்கார்ந்ததும் நானும் கணக்குப் போட்டேன். கார்டு வர நாலு நாள். நான் போக இரண்டு நாள். எல்லாம் முடிந்திருக்கும். போய்ப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. உங்களைப் போலவேதான் போட்டேன், நீங்கள் போட்ட மாதிரியே விடை வந்தது. இறங்கவில்லை.

பல்லார்ஷா வரும்போது எதிரில் இருந்த பெரியவர், "எங்கே பயணம்?" என்று கேட்டார். எங்கப்பா என்று ஆரம்பித்தேன். கார்டை எடுத்து நீட்டினேன். அவர் தெலுங்கர், தமிழ் படிக்கத் தெரியாது. மூலையைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார். "இது மை இல்லையே நாயனா, எஞ்சின் ஆயில் இல்ல?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து. விலாசமும் உங்கள் கையெழுத்து. செத்தவர் கையாலேயே சாவுக் கார்டு வருமா என்று கூடத் தோன்றாமல் பன்னிரண்டு ஸ்டேஷன் தாண்டி வந்திருக்கிறேன். ஒரு மூலையில் உங்கள் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அழ ஆரம்பித்தேன். பெட்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பல்லார்ஷாவில் நாகபுரிக்குப் போகிற வண்டி எதிர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. லீவு எழுதிக் கொடுக்கவில்லை, மாற்றுத்துணி இல்லை, சாவும் இல்லை. இறங்கினேன். டீ குடித்தேன். திரும்ப இதே வண்டியில் ஏறிவிட்டேன்.

நாளைக்கு மதராஸ், அங்கிருந்து அரக்கோணம். சாயங்காலத்துக்குள் திருத்தணி வந்துவிடுவேன். இருட்டிவிட்டால் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன், லாரிக் கதவைத் தட்டுகிறேன். உங்களிடம் நேரில் இதை எல்லாம் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதினேன். எனக்குப் பின்னால்தான் இந்தக் கடிதம் வரும். தபால்காரர் கொடுத்தால் என் எதிரில் படிக்க வேண்டாம்.

டாப்பெட்டை நான் ஒரு தரம் பார்க்கிறேன். வீட்டில் அடுப்பையும் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன்,
கஜபதி